பதினாறு துண்டு சங்கரா

“உலகத்துல ஒண்ணு நடந்துட்டா மட்டும் அது நடந்ததா ஆயிடாது நைனா. கோவிந்தன் கூவணும். நா கூவினாதான் அது நடந்துச்சுன்னு அர்த்தம்.”

கோவிந்தன் இதைச் சிரிக்காமல் சொன்னான். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து விழும் மாலைப் பேப்பர் கட்டின் சணலைப் பல்லால் அறுத்துவிட்டு, பேப்பர்களை இடது தோள்மேல் விசிறி மாதிரி அடுக்கிக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் நீதிபதியின் முகத்தோடு சொன்னான். மறுத்துப் பேச, கல்லூரி விட்டு வந்து அவனைச் சுற்றி நிற்கும் எங்களிடம் ஆதாரம் இல்லை. டில்லியில் ஆட்சி கவிழ்ந்தது, வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் உருவானது எல்லாமே பதினொரு வருஷமாக அவன் தொண்டை வழியாகத்தான் பூந்தமல்லிக்குள் நுழைந்திருக்கின்றன.

ஆனால் ஆட்சியும் புயலும் அவனுக்கு இரண்டாம்பட்சம். மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி வரும் செய்திகளைத்தான் அவன் உயிரைக் கொடுத்துக் கூவினான். யாரோ எங்கோ அபத்தமாகத் திருடி, அதைவிட அபத்தமாகப் பிடிபட்ட செய்திகள். கோழி திருடப் போனவன் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு விடியும்வரை கோழிகளோடு குந்தியிருந்தது. பூட்டிய வீட்டுக்குள் புகுந்தவன் பீரோவைத் தொடாமல், ஆட்டி வைத்திருந்த மாவில் ஒன்பது தோசை வார்த்துத் தின்றுவிட்டு, ‘மாவில் உப்பு குறைவு’ என்று சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போனது. டெய்லர் கடைக்குள் நுழைந்தவன் தைத்து முடித்த முப்பது ஜாக்கெட்டிலும் இடது கையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனது.

“உப்பு இல்லேன்னு எழுதி வெச்ச தோசத் திருடன் பேப்பரேய்! ஒம்போது தோச துன்னவன் பேப்பரேய்!”

தொழிற்பேட்டைக்குப் போகும் எஸ்டேட் பஸ், ஆவடி பஸ், திருவள்ளூர் பஸ் என்று வரிசையாக நிற்கும் ஜன்னல்களுக்குக் கீழே அந்தக் குரல் ஓடும். ஜன்னலிலிருந்து கைகள் நீளும். கோவிந்தன் தலைப்பைத் தாண்டி ஒருநாளும் படித்ததில்லை. “உள்ள படிக்கிறது வாங்கறவன் வேல. அதுக்குத்தான துட்டு குடுக்கறான்?” என்பான்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். எண்பத்தெட்டாம் வருஷப் பங்குனி. கோவிந்தன் வீட்டுக்கு எதிர்ப் போர்ஷனில் குடியிருந்தோம். தோசைத் திருடனுக்கு ஒரு பாராட்டு விழா நடத்த வேண்டும் என்று கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் எழுதி நல்ல பெயர் வாங்கியிருந்தேன். தோசைத் திருடனுக்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை அடுத்த நாள் குழாயடிக்குக் குடத்தோடு போக வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தோன்றியதில்லை, கோவிந்தனுக்கும் தோன்றியதில்லை.

அந்த வியாழக்கிழமை கட்டு வந்ததும் கோவிந்தன் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினான். முகம் மலர்ந்தது. எங்களைப் பார்த்து, “மாட்னாடா இன்னிக்கு ஒருத்தி!” என்றான்.

“கொழம்ப உட்டுட்டு மீன மட்டும் துன்ன கூடைக்காரி பேப்பரேய்! பதினாறு துண்டு மீனு அபேஸு! கூடைக்காரி பேப்பரேய்!”

எஸ்டேட் பஸ்ஸில் இருபது போயிற்று. ஆவடி பஸ்ஸில் அதைவிட அதிகம். டாங்கி ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம். “முள்ள இன்னா பண்ணாளாம் அண்ணாத்தே?” என்று ஒருவன் கேட்டான். “அத்தயும் பூனைக்குப் போடாம முழுங்கிகீறா! உள்ள கீது, வாங்கிப் படி!” என்றான் கோவிந்தன். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் ஒன்று வாங்கிச் சிரித்தேன். தலைப்பைப் படித்துத்தான் சிரித்தேன்.

நாலாவது பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே படித்தார்.

“அடப்பாவி, இது இந்த ஊரு பொம்பளயா? ‘பூந்தமல்லி குளக்கரைத் தெருவைச் சேர்ந்த வேம்புலியம்மாள், வயது நாற்பத்திரண்டு’ன்னு போட்டுகீறான்!”

கோவிந்தன் அடுத்த ஜன்னலுக்காக வாயைத் திறந்திருந்தான். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு கையை ஜன்னலுக்குள் விட்டு, அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினான். தோளில் அறுபது பேப்பர் இருந்தது அவனுக்கு நினைவில்லை.

“யோவ், துட்டு குடுத்துகீறேன்யா!” என்றார் காக்கிச் சட்டை.

கோவிந்தன் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான். வே. ம். பு. லி.

வேம்புலியம்மாள் அவன் மனைவி.

*

அவள் தொழில் சாப்பாட்டுக் கூடை. காலை எட்டரைக்குக் கிளம்பி, பூந்தமல்லி, கரையான்சாவடி, குமணன்சாவடி என்று பதினெட்டு வீட்டு வாசலில் நின்று கேரியர் வாங்குவாள். பதினெட்டும் எவர்சில்வர். பதினெட்டும் ஒரே மாதிரி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு அடையாளம் கட்டியிருப்பாள். சிவப்பு ரிப்பன் லேத் பட்டறைக்காரருக்கு, சட்டைப் பித்தான் டைம் ஆபீஸ்காரருக்கு, மஞ்சள் பிளாஸ்டிக் வளையல் சூப்பர்வைசர் பாஸ்கரனுக்கு. எல்லாவற்றையும் மூங்கில் கூடையில் அடுக்கி, ஈரத்துணி மூடி, சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு பத்து மணி எஸ்டேட் பஸ்ஸில் ஏறுவாள். கண்டக்டர் தினமும் ஒரே வசனத்தைச் சொல்வார்: “இது பஸ்ஸா, கல்யாண மண்டபமா?” அவளும் தினமும் ஒரே பதிலைச் சொல்வாள்: “கல்யாணம்னா நீயா கூப்புட்டு குந்த வெப்ப நைனா.”

எஸ்டேட்டில் அவர்கள் எல்லாரும் வேலை பார்த்த பம்பு கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு புங்கமரம். மரத்தடியில் கேரியர்களை வரிசையாக வைத்துவிட்டு, பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும்வரை ஒரு வேப்பங்குச்சியோடு காவல் உட்காருவாள். காக்காய்க்கும் கம்பெனியிலேயே குடியிருக்கும் மூன்று பூனைகளுக்கும்தான் அந்தக் குச்சி. பதினொரு வருஷத்தில் ஒரு அப்பளம் குறைந்ததாகப் பேச்சு வந்ததில்லை.

நாலு வாரமாக, புதன்கிழமை தோறும், பாஸ்கரன் கேரியரில் மீன் குழம்பு வந்தது, மீன் வரவில்லை. முதல் வாரம் அவர் வீட்டில் கேட்டார். “நாலு துண்டு சங்கரா மீன் போட்டேனே” என்றாள் மனைவி பத்மா. அடுத்த வாரமும் நாலு துண்டு போட்டாளாம். அதற்கடுத்த வாரமும். நாலாவது புதன்கிழமை கேரியரைத் திறந்த பாஸ்கரன், மூடாமலே தூக்கிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் வைத்தார். இரும்பு திருடுபவனை மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஸ்டேஷன், அன்று ஒரு மணி நேரத்தில் குற்றவாளியைப் பிடித்துவிட்டது. அவள் புங்கமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை.

வியாழன் மாலை ஐந்தரைக்குக் கோவிந்தன் வீட்டுக்கு வந்தபோது வேம்புலியம்மாள் வாசலில் கூடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ராஜம்மா ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். குளக்கரைத் தெருவில் சுவருக்கு ஒரு செங்கல்தான் கனம். அன்றைக்கு அவர்கள் சத்தத்தைக் குறைக்கவும் இல்லை.

“வாய்யா. இன்னிக்குத் தொண்ட நல்லா கீது போல. கரையான்சாவடி வரைக்கும் கேட்டுச்சாமே.”

“இன்னாமே இது? இன்னா எழுதிகீறான் இதுல?”

“நீதான கூவின. என்னாண்ட கேக்கற?”

“நேத்து ஸ்டேஷனுக்கு இஸ்துகினு போனத ஏன்மே என்னாண்ட சொல்லல?”

“எதுக்கோசரம் சொல்லணும்? உன்னாண்ட சொல்றதும் மைக் செட் வெக்கறதும் ஒண்ணுதான? சொல்லாமயே கூவிட்ட. சொல்லிருந்தா பெரிய எழுத்துல கூவிருப்ப.”

கோவிந்தன் குந்தினான்.

“அடிச்சானுங்களா?”

“அடிச்சிருந்தாகூட பரவால்ல. பெஞ்சுல குந்தவெச்சு, ரெண்டு கையும் நீட்டச் சொல்லி, ஒரு கான்ஸ்டபிளு மோந்து பாத்தான்யா. ‘மீனு நாத்தம் வரல சார், சோப்பு போட்டுட்டா’ன்னான். இன்னொருத்தன், ‘வறுத்துத் துன்னியா, அப்படியே துன்னியா’ன்றான். ஒருத்தன் சிரிக்கிறான், அத்த பாத்து இன்னொருத்தன் சிரிக்கிறான். பூட்டு ஒடச்சேனா? ஜேப்படி அடிச்சேனா? சோத்துல கைய வெச்சேன்னு சொல்றானுங்க. பதினோரு வருசமா பதினெட்டு ஊட்டு சோத்த தலைல தூக்கிகினு போறவள!”

“சரி வுடு. நாளைக்கு வேற ஒருத்தன் மாட்டுவான். இத்த மறந்துடுவானுங்க.”

அவள் கூடையைத் தூக்கிக் கவிழ்த்தாள். “நீ மறந்துடுவ” என்றாள்.

*

மறுநாள் காலை, பாஸ்கரன் வீட்டை விட்டுவிட்டு, பதினேழு வீட்டு வாசலில் நின்று ஆறு கேரியர் வாங்கினாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். டைம் ஆபீஸ்காரர் வீட்டில் பார்வதம் என்ற அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, “இன்னிக்கு அவருக்கு வயிறு சரியில்ல, வேம்புலி” என்றாள். அவருக்கு வயிறு சரியில்லாமல் போன அதே நேரத்தில், உள்ளே சாம்பார் தாளிக்கும் வாசனை தெருவரைக்கும் வந்தது. லேத் பட்டறைக்காரர் இனிமேல் கேன்டீனில் சாப்பிடுவார். இன்னொருவர் லீவு. இன்னொருவர் சைக்கிளிலேயே கொண்டு போகிறார், உடம்புக்கு நல்லதாம். பதினொரு வீட்டிலும் பதினொரு மரியாதையான காரணங்கள். பேப்பரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பார்வதம் வீட்டு வாசலில் நின்றிருந்த பொடியன் ஒருவன் மட்டும், “மீனம்மா வந்துகீது” என்றான். உள்ளே யாரோ அவன் வாயைப் பொத்தினார்கள். பொத்திவிட்டுச் சிரித்தார்கள்.

அன்று பஸ்ஸில் கண்டக்டர் கல்யாண மண்டப வசனத்தைச் சொல்லவில்லை. பாதிக்கூடையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்தார். அதுதான் தன்னை ரொம்பவும் எரித்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

புங்கமரத்தடியில் ஆறு கேரியர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மூன்று பூனைகளும் வந்தன. வரிசையை மோந்துகொண்டே போய், வெள்ளை நூல் கட்டிய ஒரு கேரியரின் முன்னால் நின்று கத்தின. அதில் கருவாட்டுக் குழம்பு. வேம்புலியம்மாள் குச்சியை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

நாலு புதன்கிழமையும் மஞ்சள் வளையல் கேரியரைப் பூனைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பூன பொய் சொல்லாது” என்று அன்று மாலை கோவிந்தனிடம் சொன்னாள். “மூணு பூன. நாலு வாரம். ஒண்ணுகூட மோந்து பாக்கல. என் தலைமேல பத்து மைல் போவுது, எனக்கும் வாசன வரல. அந்தக் கொழம்புல மீனே இல்லய்யா. நா எங்கேந்து திருடறது?”

“அப்ப அந்தம்மா போடலையா?”

“அத்தத்தான் கேக்கப் போறேன்.”

குமணன்சாவடியில் பத்மா வீடு பூட்டியிருந்தது. மாங்காட்டுக் கோயிலுக்குப் போயிருப்பதாக அடுத்த வீட்டில் சொன்னார்கள். இது அஞ்சாவது வெள்ளி, ஆறு வாரம் வேண்டுதல், புருஷனுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க என்றும் அவர்களே சொன்னார்கள்.

வேம்புலியம்மாள் மாங்காட்டுக்கு நடந்தாள். காமாட்சியம்மன் கோயில் வரிசையில், கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு பத்மா நின்றுகொண்டிருந்தாள். கூடைக்காரியைக் கண்டதும் பழம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. வேம்புலியம்மாளே அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

“ஆறு வாரமும் மீனு தொட மாட்டியாம்மா?”

பத்மா அழ ஆரம்பித்தாள். “தொடக்கூடாதுக்கா. சமைக்கவும் கூடாது. அவருக்கு ஃபோர்மேன் வேலை வரணும்னு வேண்டிக்கிட்டேன். ஆனா சாமி பேரைச் சொன்னா அவர் தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவார். புதன்கிழமை மீன் குழம்பு இல்லன்னா ஏன்னு கேப்பார். அதான்... மாங்காயப் போட்டு, அதே மசாலா, அதே புளி...”

“மீனு இல்லாம மீன் கொழம்பு வெச்ச.”

“அவருக்கு வித்தியாசமே தெரியாதுக்கா. அவருக்கு நாக்கே கிடையாது, கண்ணுதான். துண்டு எங்கன்னு கேட்டார். போட்டேனேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். ஒருதரம் சொன்னதுக்கு அப்புறம் மாத்த முடியல. போலீசுக்குப் போவார்னு சத்தியமா நினைக்கல.”

“ஞாயித்துக்கெழம மீனு கேக்க மாட்டாரா?”

“அவங்க அம்மா வீட்ல சாப்பிடுவார்.”

வேம்புலியம்மாளுக்கு வந்த கோபத்தில் கோயில் வரிசையே திரும்பிப் பார்த்தது. “உம் புருசனுக்கு வேல ஒசரணும், எம் வேல போவணுமா? என் கைய ஒருத்தன் மோந்து பாத்தாம்மா! நாயி மோந்து பாக்கற மாரி! உன் வேண்டுதலுக்கு எலுமிச்சம்பழம் பத்தாதுன்னு என்னையும் அறுத்து வெச்சியா?”

பத்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கா. முடிஞ்சதும் நானே சொல்லிடறேன். நடுவுல சொன்னா இதெல்லாம் வீணாயிடும். காமாட்சி மேல ஆணை.”

வேம்புலியம்மாள் அங்கேயே நின்று, பத்மா பழத்தை அம்மனுக்குச் சாத்தி முடியும்வரை பார்த்துவிட்டு வந்தாள். கோவிந்தனிடம், “ஒரு வாரம் குடுத்துகீறேன்” என்றாள். எங்கள் வீட்டில் என் அம்மா, “நீ என்ன மகாத்மாவா?” என்று சண்டைக்கே போனாள். “அய்யே, அதெல்லாம் இல்ல” என்றாள் அவள். “அது அழுதுச்சு. உதறிட்டு வர முடியல.”

ஆறு கேரியரோடு ஒரு வாரம் போனாள். அந்த ஒரு வாரத்தில் கோவிந்தன் ஒரு சைக்கிள் பெல் திருடனையும், தன் கல்யாணத்துக்கே பந்தல் துணி திருடியவனையும் கூவினான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

*

பத்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆறாவது வெள்ளி முடிந்து மறுநாள் காலை புருஷனிடம் சொல்லிவிட்டாள். தட்டு பறந்ததா என்று தெரியாது. பாஸ்கரன் ஸ்டேஷனுக்குப் போய், ‘தவறுதலாகக் கொடுக்கப்பட்ட புகார்’ என்று எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை புங்கமரத்தைக் கடந்து கம்பெனிக்குள் போனபோது அவளைப் பார்க்காமல் போனார். போலீஸ்காரர்கள் வந்து மன்னிப்புக் கேட்டார்களா என்று யாரும் என்னைக் கேட்டுவிட வேண்டாம்.

பேப்பர் மட்டும் மிச்சமிருந்தது.

ஏஜெண்டு செங்கல்வராயன் பஸ் நிலைய வாசலில் பேப்பர் கடை வைத்திருந்தார். கோவிந்தனுக்குக் கட்டுக் கொடுப்பவரும் அவரே, மாலைப் பேப்பருக்கு இந்த வட்டாரத்து நிருபரும் அவரே. மீன் செய்தியை எழுதியதும் அவரே. கோவிந்தனோடு பதினொரு வருஷம் பழகியும், வேம்புலியம்மாள் என்பது யார் என்று அவருக்குத் தெரியாது. கோவிந்தன் மனைவியைப் பற்றிப் பேசியதெல்லாம் ‘ஊட்டுல’ என்றுதான்.

மறுப்புக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். அறச்சீற்றத்தோடு எழுதியிருந்தேன். பேப்பரின் தர்மம், ஏழையின் மானம் எல்லாம் இருந்தது. வேம்புலியம்மாள் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதுல நா திருடலன்னு எங்க கீது?” என்றாள். இரண்டாம் பக்கத்துக் கடைசியில் இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிழிக்கச் சொன்னாள்.

செங்கல்வராயன் அந்த ஒற்றைத் தாளைப் படித்தார். “வேணும்னு போடலம்மா. ஸ்டேஷன்ல சொன்னான், எழுதிட்டேன். மறுப்பு போடலாம். ரெண்டு வரிதான் வரும். எவனும் படிக்க மாட்டான். ஆனா ஒண்ணு...” நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மீன் எங்க போச்சுன்னு உனக்குத் தெரியும்ன்றாங்களே. அதச் சொல்லு. பெரிசா கட்டம் கட்டிப் போடறேன். உம் பேரு சுத்தமாயிடும்.”

கோவிந்தனுக்குக் கண் மின்னியது. “மே, சொல்லுமே! ‘மீனே இல்லாத மீன் கொழம்பு, கோயிலுக்குப் போன சூப்பர்வைசர் சம்சாரம்’! முன்னூறு பேப்பரு நின்ன எடத்துல காலியாயிடும். நம்ம மானமும் திரும்பி வந்துரும்!”

“யாரு மானம் போவும்?”

“இன்னா?”

“அத்தக் கூவினா யாரு மானம் போவும்னு கேக்கறேன். அந்தப் பொம்பள நாளைக்குக் கொழாயாண்ட போக வேணாமா?”

“அவ உன்ன வுட்டுக்குடுத்தா இல்ல?”

“அவ வுட்டா. நா வுடல. என்னப் பாத்து சிரிச்சது போதும்யா. சிரிக்கிறதுக்கு இன்னொருத்தியப் புடிச்சிக் குடுக்கற வேல எனக்கு வேணாம்.” ஏஜெண்டைப் பார்த்து, “ரெண்டு வரியே போடுங்க. நா திருடல. அம்மாந்தான்” என்றாள்.

செங்கல்வராயன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். விஷயம் முடிந்துவிட்டது அவருக்கு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சண்டை ஆரம்பித்து, குளக்கரைத் தெரு முழுக்க நடந்தது.

“சரி, ரெண்டு வரி போட்டுட்டான்னு வெச்சுக்க. அத்த நீ கூவு” என்றாள் அவள்.

“இன்னாத்த?”

“அந்த ரெண்டு வரிய. பொய்யக் கூவின தொண்டதான? நெசத்தயும் கூவு.”

கோவிந்தன் தெருவிலேயே நின்று சிரித்தான். “உனக்குத் தொழிலப் பத்தி இன்னா தெரியும்? ‘கூடைக்காரி திருடல பேப்பரேய்’னு கூவுனா எவன் வாங்குவான்? திருடாதவங்க ஊர்ல லச்சம் பேரு கீறானுங்க! ஒருத்தன் கீறான்மே, ஐயப்பன்தாங்கல் டிப்போவாண்ட, வாச்சு திருடன்னு அவன் பேரு வந்துச்சு. மூணு மாசம் பஸ் பஸ்ஸா ஏறி, ஜன்னல் ஜன்னலா நின்னு, ‘அது நா இல்ல சார், அது நா இல்ல சார்’னு சொல்லிகினு திரிஞ்சான். கண்டக்டருங்க எறக்கி உட்டானுங்க. பைத்தியம் புடிச்சவன்னு பேராச்சு. நானே எவ்ளோ வாட்டி நடிச்சிக் காட்டிகீறேன்!”

நடித்தும் காட்டினான். கையைக் கூப்பி, கழுத்தைச் சாய்த்து, இல்லாத ஒரு ஜன்னலைப் பார்த்து, “அது நா இல்ல சார்” என்றான். ராஜம்மா வீட்டு வாசலில் இரண்டு பேர் சிரித்தார்கள். நன்றாகத்தான் நடித்தான்.

வேம்புலியம்மாள் சிரிக்கவில்லை. “அவன் பைத்தியம் இல்ல” என்றாள். “அவனுக்குன்னு சொல்ல வேற ஆளு இல்ல.”

சொல்லிவிட்டு உள்ளே போய், அடுப்பில் சோற்றுப் பானையை வைத்தாள்.

*

புதன்கிழமை வந்தது மறுப்பு. ஆறாம் பக்கம், ஏல விளம்பரத்துக்குக் கீழே, ‘காணவில்லை’ என்ற எருமை மாட்டுக்கு மேலே.

‘சமீபத்தில் நமது இதழில் வெளியான உணவுத் திருட்டு தொடர்பான செய்தியில் சம்பந்தப்பட்ட பெண்மீது கூறப்பட்ட புகாரில் உண்மை இல்லை எனத் தெரிய வருகிறது. வருந்துகிறோம்.’

அவ்வளவுதான். திருடினாள் என்று போட்டபோது பெயர், வயது, தெரு எல்லாம் இருந்தது. திருடவில்லை என்று போட்டபோது அவள் ‘சம்பந்தப்பட்ட பெண்’ ஆகிவிட்டாள். எருமைக்காவது நெற்றியில் வெள்ளைச் சுழி, இடது கொம்பு முறிந்தது என்று நான்கு அடையாளம் கொடுத்திருந்தார்கள்.

கல்லூரியிலிருந்து வந்து பூந்தமல்லியில் இறங்கியதும், அந்தப் பக்கத்தை நான்தான் கோவிந்தனிடம் விரித்துக் காட்டினேன். செங்கல்வராயன் கடையில் சத்தம் போட்டோம். “எடிட்டிங்ல வெட்டிட்டாங்க தம்பி, என் கையில இல்ல” என்றார். அவர் கையில் அப்போது ஒரு டீ கிளாஸ் இருந்தது. யார் வெட்டினார்கள் என்று கேட்டேன். “மேல” என்று மோட்டுவளையைக் காட்டினார். அங்கே ஒரு பல்லி இருந்தது.

கோவிந்தன் பேப்பர் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். அன்றைய மூன்றாம் பக்கத்தில் அருமையான சரக்கு: நகைக்கடைக் கண்ணாடியை உடைக்கப் போனவன் தன் பிம்பத்தைப் பார்த்து, யாரோ ஆள் நிற்கிறான் என்று பயந்து ஓடி, போலீஸ் ஜீப்பிலேயே லிஃப்ட் கேட்டது. எந்தப் பஸ்ஸிலும் ஐம்பது போகும்.

நான் அன்று அத்தை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆவடி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெயிலில் இருக்கை ரெக்சின் தோசைக்கல்லாகக் காய்ந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்ற எஸ்டேட் பஸ்ஸிலிருந்து வேம்புலியம்மாள் காலிக் கேரியர்களோடு இறங்கினாள். அதே ஆறு. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய்விட்டாள். தலையில் ஏற்றும் அளவுக்குக் கனம் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடித் திருடனைக் கோவிந்தன் எப்படிக் கூவுவான் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. தொண்டை கட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன். பிறகு பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து யாரோ முணுமுணுப்பது ஜன்னல் ஜன்னலாகப் பின்னால் நகர்ந்து வருவது தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், “இன்னாப்பா வேணும் உனக்கு? பேப்பரா, வேணாம்” என்றார். இன்னொருவர், “யாரு? எந்தப் பொம்பள?” என்றார். கண்டக்டர் படிக்கட்டில் நின்று, “யோவ் கோவிந்தா, உடம்பு கிடம்பு சரியில்லயா?” என்று கேட்டார்.

என் ஜன்னலுக்கு வந்து நின்றான். ஆறாம் பக்கம் வெளியே தெரியும்படி மடித்த பேப்பர் கையில் இருந்தது. கட்டை விரல் அந்த இரண்டு வரிக்குக் கீழே அழுந்தியிருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் அதே பக்கத்தை அவனுக்குக் காட்டியவன் நான். எதிர் வீட்டில் ஒன்பது வருஷமாகக் குடியிருப்பவன். அவன் என்னைத் தெரிந்த மாதிரி பார்க்கவில்லை. எனக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை என்பது மாதிரி, முன் ஜன்னலில் சொன்னதையே அதே குரலில், சாமி சன்னிதியில் பேசுகிற அளவுக்குத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“இதுல சொல்லிகீறது வேம்புலியம்மா, சார். குளக்கரைத் தெரு. என் சம்சாரம். அது திருடல.”

“சரி அண்ணாத்தே” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். அடுத்த ஜன்னலில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் ஏறி இன்ஜினைக் கிளப்பினார், கண்டக்டர் விசில் ஊதினார். கோவிந்தன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரியவர் கண்ணைத் திறக்கும்வரை பஸ்ஸோடு கூடவே நடந்து வந்தான்.